எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆண்களுக்கு நாற்பது நெருங்கும்போது ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சிலருக்கு மாரத்தான். சிலருக்கு மாடித்தோட்டம். எங்கள் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர் வீட்டிலேயே ரொட்டி சுட ஆரம்பித்து, அதைக் கொண்டுவந்து எல்லோர் பல்லையும் பதம் பார்த்தார். எனக்குப் பிடித்தது ரயில் பெட்டி. (என் மனைவி கவிதா இதைப் பற்றிக் கேட்பவர்களிடம், "குடி, சீட்டுன்னு போகாம இருக்காரே, அதுவரைக்கும் பரவாயில்லை" என்பாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

நகருக்கு வடக்கே ஒரு சின்னஞ்சிறு பழைய ஸ்டேஷன். அதன் பின்னால், மெயின் லைனோடு தொடர்பு அறுந்துபோன ஒரு துண்டுத் தண்டவாளம். அதன்மேல் நாலு சக்கர மரப்பெட்டி ஒன்று பல வருஷமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குருவிகள் குடித்தனம் நடத்தின. அதைப் புதுப்பிக்க ஒரு தன்னார்வக் குழு கிளம்பியது என்று கேள்விப்பட்டு, நானும் ஞாயிற்றுக்கிழமை தோறும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஊரைக் குறுக்காகக் கடந்து போய்த் துரு சுரண்டினேன்.

குழுவுக்குத் தலைவி டாக்டர் ஷீலா. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், தொழில் பல் வைத்தியம். பல்லில் காரை எடுக்கும் கருவியால் ஜன்னல் கம்பியில் துரு எடுப்பார். திறக்க மறுத்த கதவு ஒன்றைப் பார்த்து, "பயப்படாதீங்க, வலிக்காது" என்று அவர் சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

எங்களை வேலை செய்ய அனுமதித்த ரயில்வே ஆபீஸ் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பெட்டியை நின்ற இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. நாங்கள் சிரித்துவிட்டோம். சக்கரங்கள் துருவேறி இறுகிப் போயிருந்தன, யானை வந்து தள்ளினாலும் அசையாது. வேலை முடிந்ததும் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார் என்றும், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பெட்டியை அங்கேயே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கையால் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அந்தப் பெட்டிதான். கல்யாணமான புதிதில், மல்லேஸ்வரத்தில் மாமியார் வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிறேன் பேர்வழி என்று சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயைத் துளைத்தவன் நான். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார், அவ்வளவுதான்.

அதனால் அதிகாரி வரும் தேதி ஆயுத பூஜைச் சமயத்தில் அமைந்ததும், காலையில் பெட்டிக்கு ஒரு பூஜை போடலாம் என்று நான்தான் சொன்னேன். மாமியாரையும் அழைத்தேன். அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை.

பூஜைக்கு முந்தைய வாரங்களில் என் உற்சாகம் கரை புரண்டு ஓடியது. இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து, சக்கர அச்சுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். பிறகு எண்ணெய், பிறகு மேலும் எண்ணெய். எவ்வளவு என்று வீடியோவில் சொல்லவில்லை, அதனால் வழியும்வரை ஊற்றினேன். பெட்டியின் கடைசியில் கார்டு நிற்கும் இடத்தில் கைப்பிரேக் ஒன்று உண்டு. அதைச் சுற்றுகிற இரும்புச் சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு பெயின்ட் அடித்தேன். பூஜை அன்று காலை அது எங்கள் பால்கனியில் ஜம்மென்று காய்ந்துகொண்டிருந்தது.

பெட்டி அன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, செவ்வந்தி மாலை, சந்தனம், குங்குமம். மாமியார் உள்ளே போய் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பலகையைத் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கே, மாப்பிள்ளை. யார் செஞ்சது?" என்றார். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த 'ம்' எனக்கு ப்ரோமோஷன் கிடைத்ததற்குச் சமம்.

பக்கத்துக் கோவில் புரோகிதர் மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார். அப்புறம் நாலு எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டுமாம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகள் இடைஞ்சலாக இருந்ததால் அவற்றை உருவி, யார் காலையும் தடுக்கக் கூடாதே என்று பொறுப்பாகப் பெட்டிக்குள் அடுக்கினேன். பழங்களை வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். புரோகிதர் மட்டும் நகரவில்லை.

"வண்டி ஓடணும் சார். பழம் நசுங்கலைன்னா பூஜை ஆகாது."

"இது ஓடாத வண்டி சாமி" என்றேன்.

"ஓடாத வண்டிக்கு யாராவது வாகன பூஜை போடுவாங்களா?"

சுத்தியலால் தட்டி நசுக்கிவிடலாமா என்று டாக்டர் ஷீலா கேட்டார். வண்டிதான் மிதிக்க வேண்டும் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். குறையோடு பூஜையை நிறுத்தினால் அதிகாரி வந்து பெட்டியை அறுக்கச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். டாக்டர் ஷீலா பைபிள் வகுப்பு எடுப்பவர், ஆனாலும் எதையும் அரைகுறையாக விடப் பிடிக்காதவர். "ஒரு அங்குலம் அசைஞ்சா போதும். எப்படியும் அசையப் போறதில்லை. சும்மா பேருக்குத் தள்ளுவோம்" என்றார்.

பேருக்குத் தள்ளினோம்.

எலுமிச்சம்பழங்கள் நாலும் ஒரே நேரத்தில் நசுங்கின. "தும்பா ஒள்ளேதாயித்து" என்று புரோகிதர் கன்னடத்தில் மெச்சினார். ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று அர்த்தம். நாங்கள் பின்வாங்கிக் கைகளைத் துடைத்துக்கொண்டோம். பெட்டி மட்டும் பின்வாங்கவில்லை. அது போய்க்கொண்டிருந்தது.

தண்டவாளத்தில் லேசான இறக்கம் இருந்திருக்கிறது. வேகம் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடப்பவரின் வேகம்தான். அதுதான் கொடுமை. ஓடிப்போயிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருப்போம். இதற்குப் பக்கத்திலேயே நடந்து, ஆளாளுக்கு யோசனை சொல்ல முடிந்தது. மூன்று பேர் முன்னால் போய்த் தோள் கொடுத்து நிறுத்தப் பார்த்தார்கள். பெட்டி அவர்களையும் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போனது.

மாமியார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது எங்க போகுது?"

"எங்கயும் போகல, அத்தை."

"அப்போ அந்தப் புளியமரம் ஏன் போகுது?"

"அத்தை, உள்ள ரெண்டு கட்டை இருக்கு பாருங்க, அதைத் தூக்கி வெளியே போடுங்க."

"அதுமேல சுண்டல் பாத்திரம் வெச்சிருக்கேன்."

"பாத்திரத்தைக் கீழ வைங்க."

"பிரசாதத்தைத் தரையில வைக்கச் சொல்றீங்களா?"

முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தியவரோடு நடந்துகொண்டே வாதாடுவது எளிதல்ல. "அப்போ கைப்பிரேக்கைத் திருப்புங்க, கடைசியில இருக்கும்" என்றேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வெறும் தண்டுதான் நிக்குது. சுத்துற சக்கரத்தை யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க. திருட்டுப் பசங்க" என்றார். டாக்டர் ஷீலா என்னைப் பார்த்தார். மயக்க மருந்து இல்லாமல் பல்லைப் பிடுங்கப் போகிற பார்வை.

இதற்குள் ஸ்டேஷன் வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டி ஓடிவந்து படியில் தொற்றி ஏறிவிட்டார். "யலஹங்கா ஹோகுத்தா?" என்று, வண்டி அங்கே போகுமா என, மாமியாரிடம் கேட்டார். "நங்கே கொத்தில்லப்பா, கூத்கோ" என்று, தனக்குத் தெரியாது, உட்கார் என்று, அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, கையில் சுண்டலும் வைத்தார் மாமியார்.

தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு மண்மேடு. அதற்கு அப்பால் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி, மேட்டின்மேல் ஏறி நின்று, பெட்டி எங்கே என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார். பார்க்க வந்தவருக்குச் சிரமம் வைக்காமல் பெட்டியே அவரை நோக்கிப் போனது. முட்டுக்கொடுத்த மூவரும் ஒதுங்க, மண்ணில் மெத்தென்று முட்டி, ஒரு முனகலோடு நின்றது. ஒரு வாழைக்கன்று சாய்ந்து அவர் தோளில் விழுந்தது.

அசைக்காதே என்ற ஒரே நிபந்தனை, அதையும் அதிகாரியின் கண்ணெதிரிலேயே மீறியாயிற்று. இனி கேஸ் கட்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதிகாரி கீழே இறங்கி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அச்சில் விரலை வைத்தார். விரல் முழுக்க எண்ணெய். வாயைத் திறந்ததும் சேலத்துக்காரர் என்று தெரிந்தது.

"இது நகராதுன்னு சொல்லித்தானுங்க என்னை அனுப்பிச்சாங்க. ம்யூசியத்துல கேட்டாங்க. இறுகிப்போச்சு, இழுத்தா உடைஞ்சிரும், இங்கயே வெட்டிருங்கன்னு முடிவாகி, கையெழுத்துப் போடத்தான் வந்தேன். யார் இதை நகர வெச்சது?"

டாக்டர் ஷீலாகூடத் தரையைப் பார்த்தார். ஜன்னலிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் வந்தது.

"எங்க மாப்பிள்ளைதான். கை கழுவிட்டு வாங்க, சுண்டல் தரேன்."

அவர் கை கழுவிவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடியே யாருக்கோ போன் செய்தார். வெட்ட வேண்டாம், நல்லா உருளுது, லாரி அனுப்புங்க என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குங்குமம் கண்ணில் விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். யலஹங்காக்காரர் மட்டும் வண்டி எப்போது கிளம்பும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டி பிழைத்தது, ஆனால் எங்களை விட்டுப் போயிற்று. இப்போது வேறோர் ஊர் ம்யூசியத்தில், சங்கிலி போட்ட வேலிக்குள் நிற்கிறது. சிவப்புச் சக்கரத்தை நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். மாமியார் உறவினர்களை அழைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அங்குள்ள காவலரிடம், இந்தப் பெட்டியில் கடைசியாகப் பயணம் செய்தவள் நான்தான் என்று சொல்லாமல் திரும்புவதில்லை.

என் விஷயத்தில் அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சுத்தியல் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கூடவே ஒரு பேச்சு வழக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்த வீட்டில் எது ஆரம்பித்து நிற்காமல் போனாலும், அதற்கு நான் எண்ணெய் போட்டதாக அர்த்தம். குழந்தையின் அழுகை, மெட்ரோ வேலை, சீரியல், எல்லாவற்றுக்கும் நான்தான். போன மாதம் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பெரிய மாமா மைக்கைப் பிடித்து வாழ்த்த ஆரம்பித்தார். இலை போட்டுச் சாம்பார் ஆறிய பிறகும் அவர் நிற்கவில்லை. முன் வரிசையிலிருந்த மாமியார் நிதானமாகத் திரும்பினார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் அப்பளத்தை உடைத்தேன்.