ஐந்தாவது சட்டைவால்

தோட்டா துப்பாக்கிக்குள் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. லைல் சோப்சாக் துப்பாக்கியின் பின்தாழான போல்ட்டை உள்ளங்கையால் அழுத்தினான்; அதட்டினான்; கடைசியில் கெஞ்சினான். அது மசியவில்லை.

மான் வேட்டைக்காலம் தொடங்க எட்டே நாள். வடக்கு விஸ்கான்சினில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமையில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான்.

லைலின் மாமனார் எர்வினுக்குக் காட்டில் ஒரு மரவீடு உண்டு. மானைத் தவறவிட்டவனின் சட்டைவாலை, அதாவது சட்டையின் பின்பக்கக் கீழ்நுனியை, வெட்டி அதன் சுவரில் ஆணியடிப்பது வழக்கம். நான்கு ஆண்டுகளில் நான்கு வால்கள் தொங்கின. நான்கும் லைலுடையவை. அதே நான்கு ஆண்டும் எர்வினுக்குப் பெரிய பெரிய கொம்பு மான்களாக விழுந்தன.

"அஞ்சாவது வாலும் வந்துச்சுன்னா, மாப்ளே, அப்புறம் உனக்குத் துப்பாக்கி எதுக்கு? சமைச்சுப் பாத்திரம் கழுவு, போதும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் இந்த ஆண்டு லைல் வீட்டிலேயே தோட்டா செய்ய இறங்கினான். அவன் கையில் இருந்தது, முதல் வேட்டைக்கு முன் மாமனாரைக் குளிர்விக்க, அவருடையதைப் போலவே மாடல், வார், தொலைநோக்கி என்று பார்த்துப் பார்த்து வாங்கிய துப்பாக்கி. வாங்கிய முதல் வாரம் அதில் சுட்ட நாற்பது வெற்றுக் கூடுகளைக் காப்பி டப்பாவில் காப்பாற்றி வைத்திருந்தான். சுட்ட கூடு உப்பிவிடும். அச்சில் விட்டு இறுக்கித்தான் மறுபடி நிரப்பவேண்டும். எந்த அச்சு என்பதில்தான் வினை பிடித்தது.

"உன் துப்பாக்கியில சுட்ட கூடுதானே? கழுத்தை மட்டும் இறுக்குற அச்சு போதும்" என்றார் கடைக்காரர் வெர்லின். "உடம்பு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி உன் துப்பாக்கிக்குப் பொருந்தும்."

அந்தச் சட்டைதான் இப்போது முக்கால்வாசியில் நின்றது. செய்த பத்தும் அப்படியே. லைல் மறுபடி கடைக்கு ஓடினான்.

"அப்ப அது உன் கூடு இல்லப்பா."

"என் கூடுதாங்க! நானே சுட்டு நானே பொறுக்கினது!"

வெர்லின் தலையைச் சொறிந்தார். "அப்ப முழு உடம்பையும் இறுக்குற அச்சை எடுத்துட்டுப் போ. எண்ணெய் தடவ மறந்துடாத."

லைல் சிக்கனமாகத் தடவினான். முதல் கூடே அச்சுக்குள் சிக்கியது. நெம்பியதில் அடிவிளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. மீதி உள்ளேயே குடியேறிவிட்டது. மூன்றாவதாக, இன்னும் இறுக்கமான அச்சு ஒன்று வாங்கினான். இந்தத் தடவை கூடுகளை எண்ணெயில் குளிப்பாட்டினான். மிச்சமிருந்த அத்தனை கூடுகளுக்கும் கழுத்துக்குக் கீழே பள்ளம் விழுந்து வீணாயின.

மனைவி ரெனே நிலவறைப் படியில் வந்து நின்றாள். "கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கடைத் தோட்டாவாலதான் நாலு வால் போச்சு!"

"தோட்டாவாலயா, கண்ணாலயா?"

லைலுக்குக் கண் மேலும் நம்பிக்கை போய்விட்டது, கை மேலும் போய்விட்டது. சொந்தக் கூடே சொந்தத் துப்பாக்கியில் நுழையாதவன் என்ன மனிதன் என்று நினைத்து அழாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

வேட்டைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டில் மீன் வறுவல். லைல் தட்டைத் தொடவில்லை.

"என்ன மாப்ளே, நாளைக்கு எந்தச் சட்டை? பூப்போட்டதா இருந்தா சுவருக்கு அழகா இருக்கும்" என்றார் எர்வின்.

"நான் காட்டுக்குள்ள வரல மாமா. பாத்திரமே கழுவுறேன்." லைல் தட்டைத் தள்ளி வைத்தான். "என் துப்பாக்கியில சுட்ட கூடு என் துப்பாக்கிக்கே ஒத்துவரல. மூணு அச்சு மாத்தியாச்சு, நாப்பது கூடும் போச்சு. எனக்கு வேட்டை எழுதி வைக்கல."

எர்வின் சட்டென்று தலையைக் குனிந்து முட்டைக்கோஸைக் கிளறத் தொடங்கினார்.

அடுத்த ஈடு மீனோடு மாமியார் ஆர்லீன் வந்தாள். "ஏங்க, முதல் வருஷ வேட்டையில மாறிப்போன மாப்ள துப்பாக்கியை இன்னுமா நீங்க திருப்பிக் குடுக்கல?"