எல்லாருக்கும் முதலிடம்

மண்டப வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. ஓடு விற்பவர், பூட்டுக்காரர், பல் டாக்டர், கல்யாணப் போட்டோ எடுப்பவர் என்று ஊரிலுள்ள எல்லாத் தொழிலும் கையில் போனோடு முண்டியடித்தது. முதலிடத்தார் வந்திருந்தார்.

முதலிடத்தாரைத் தெரியாதா? அப்படியானால் நீங்கள் சுவரைப் பார்க்காமல் நடக்கிறவர். ஊர்ச் சுவரெல்லாம் அவர் நோட்டீஸ்தான். ‘இணையத்தில் தேடினால் உங்கள் கடையே முதலில் வரும். நான் வரவைப்பேன்.’ மேலே அவர் படம். கைகட்டி, மோவாயைத் தூக்கி, தேடுபொறியையே பெற்று வளர்த்தவர் போல ஒரு பார்வை.

மெத்தைக்காரர் மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பெரிய கடை வந்ததிலிருந்து அவர் கடையில் பஞ்சும் அவரும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவலையில்தான் சிஷ்யராகிவிட்டார்.

சிஷ்யர்களுக்கு விதிகள் உண்டு. காலையில் எழுந்ததும் யாரோடும் பேசாமல் தன் தொழிலைத் தன் போனில் தேட வேண்டும். தன் கடை எந்த மூலையில் கிடந்தாலும் உருட்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, தொட்டுத் திறந்து, டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடையின் இணையப் பக்கத்தில் ‘மெத்தை மெத்தை மெத்தை’ என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் நிரப்ப வேண்டும். மனிதக் கண்ணுக்குத் தெரியாதது இயந்திரத்துக்குத் தெரியுமாம். போன் நம்பரையும் விலாசத்தையும் எடுத்துவிட வேண்டும். எண்கள் பக்கத்தைக் கீழே இழுக்குமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவர் போனில் தன் கடையைத் தேடினால் தீட்டு. கிடைத்த இடத்தை வெளியே சொன்னால் இடம் பறிபோகும்.

மெத்தைக்காரர் ஒன்றையும் விடவில்லை. பல் விளக்காமல் தேடினார். மனைவி கேட்டதற்கெல்லாம் கையை ஆட்டியே பதில் சொன்னார். ஒரு நாள் அவர் கடை அவர் போனில் முதலாவதாக வந்து நின்றது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே போனுக்குப் புது உறை வாங்கிப் போட்டார்.

கடைக்கு மட்டும் ஆள் வரவில்லை.

“இடம் வந்துடுச்சு. அதை நிலைநிறுத்தணும். அதுக்கு அடுத்த படி ஏறணும்” என்றார் முதலிடத்தார். சும்மா ஏற விடுகிற படியா அது? அதற்காகத் தையல் மெஷினை விற்றுவிடுவது என்று மெத்தைக்காரர் முடிவு செய்தார். மெத்தை உறை தைக்க வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். மனைவி அதில் உட்கார்ந்து தைத்துத்தான் இத்தனை காலம் அடுப்பு எரிந்தது. வாங்குகிறவர் மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று மதியம்தான் மனைவியின் அக்கா போன் செய்தாள்.

“பக்கத்து வீட்டம்மாவுக்கு மெத்தை வேணுமாம்டி. என் தங்கச்சி வீட்டுக்காரர் கடைதான் முதல்ல வரும்னு பெருமையா சொல்லி, அவங்க போன்லயே தேடச் சொன்னேன். உருட்டி உருட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம். எங்கேயோ அடியில கிடந்தது, அதுலயும் போன் நம்பர் இல்ல. அவங்க வேற கடையில வாங்கிட்டாங்க. என் மானமே போச்சு.”

மனைவி வந்து சொன்னதும் மெத்தைக்காரர் குதித்தார். “வெளியே சொல்லாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! போச்சு, இடம் போச்சு!” பதறிப் போய்த் தன் போனில் தேடினார். கடை முதலிடத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“இருக்கே...”

“உங்க போன்ல இருக்குங்க. அந்தம்மா போன்ல ஏன் இல்ல?”

“அது தீட்டுப் போன்.”

“மெத்தை வாங்க வர்றவங்க எல்லாம் உங்க போன்லயா தேடுவாங்க?”

பதில் இல்லாதவர்கள் சொல்வதையே அவரும் சொன்னார். “பெரியவங்க காரணமில்லாம சொல்ல மாட்டாங்க.”

“அப்ப இன்னிக்குச் சாயங்காலம் அவர் கூட்டத்துக்கு நானும் வரேன். காரணத்தை அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்” என்றாள் மனைவி.

இப்போது மேடையில் முதலிடத்தார் முழங்கினார். “முதலிடம்ங்கிறது வரம் இல்ல, ஒழுக்கம்!” கைதட்டல் அடங்குவதற்குள் மனைவி எழுந்தாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். இங்க மெத்தைக் கடைக்காரங்க வேற யாராவது இருக்காங்களா?”

முன்வரிசையில் ஒரு தாடிக்காரரும் பின்வரிசையில் ஓர் ஒல்லியானவரும் கை தூக்கினார்கள். மெத்தைக்காரர் அந்த இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். பாவம், தனக்குப் பின்னால் நிற்பவர்கள். அவர்களும் இவரை அதே பரிதாபத்தோடு பார்த்தார்கள்.

“அண்ணே, மூணு பேரும் போனை இந்த மேஜை மேல வைங்க. ‘மெத்தைக் கடை’ன்னு தேடுங்க.”

“அம்மா! சக்தி கலந்துடும்!” என்று அலறினார் முதலிடத்தார்.

“கலக்கட்டும் ஐயா. மூணு பேருமே மெத்தைக்காரங்க, விழுந்தாலும் அடிபடாது.”

மண்டபம் சிரித்தது. மூன்று போன்களும் மேஜைக்கு வந்தன. மெத்தைக்காரர் போனில் மெத்தைக்காரர் முதல். தாடிக்காரர் போனில் தாடிக்காரர் முதல். ஒல்லியானவர் போனில் ஒல்லியானவர் முதல். ஒரே ஓட்டப்பந்தயத்தில் மூவருக்கும் முதல் பரிசு! ஓடியவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சேதி தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு பல் டாக்டரின் போனை வாங்கித் தேடினாள். எதிரில் வந்த அந்தப் பெரிய கடை முதலில் வந்தது. இந்த மூவரையும் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“தினமும் எதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீங்களோ, அதை உங்க போன் ஞாபகம் வெச்சு உங்களுக்கு முன்னாடி காட்டுது. உங்களுக்கு மட்டும். நம்ம கடைக்கு நாமளே கும்பலாப் போயிட்டு இருந்திருக்கோம்.”

மெத்தைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. தையல் மெஷின் நினைவுக்கு வந்ததும் மேஜையிலிருந்த தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவநம்பிக்கை இருக்கிற இடத்துல இயந்திரம் வேலை செய்யாது” என்றார் முதலிடத்தார். குரல் இறங்கியிருந்தது.

“சரிங்க ஐயா. கடைசியா ஒண்ணே ஒண்ணு. இங்க இருக்கிற இத்தனை பேரும் உங்களை எங்க கண்டுபிடிச்சோம்? இணையத்துலயா?”

பின்னாலிருந்து பூட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “சுவத்துல.”

கூட்டம் மேடையை நோக்கி நகர்வதற்குள் முதலிடத்தார் பின்கதவு வழியாக எல்லோருக்கும் முன்னால் வெளியேறிவிட்டார். அந்த மனிதர் யார் உதவியும் இல்லாமல் உண்மையிலேயே பிடித்த முதலிடம் அது.

மெத்தைக்காரர் வாசலுக்கு வந்ததும் முதல் காரியமாக, மெஷின் வாங்க இருந்தவரை அழைத்தார். “வண்டி வேணாங்க. விக்கல.” பிறகு படியிலேயே உட்கார்ந்து, கடையின் பக்கத்தில் போன் நம்பரையும் விலாசத்தையும் திரும்ப ஏற்றினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தாள்.

ஓடு விற்பவர் குனிந்து அவர் காதோரம் கேட்டார். “இந்த ஆள் ஃபிராடு, சரி. வேற நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?”

மெத்தைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்காரு. உங்க கழுத்துக்கு மேலேயே குடியிருக்காரு, எழுப்பிப் பாருங்க. மெத்தை விக்கிறவனே சொல்றேன், தூங்கினது போதும்.”