பிரஷ் அண்ணனும் கேரவன் திரைகளும்

ஜன்னல் திரைக்கு மூச்சு வாங்கும், சலிப்பு வரும், நம்மேல் கோபம்கூட வரும் என்று மனதார நம்பிய ஒரு மனிதரைத்தான் நான் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஓசூரில் எங்கள் ஷெட்டில் யாருக்கும் அது தெரியாது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு பழைய டூத் பிரஷ் இருக்கும். அதனால் அவர் பிரஷ் அண்ணன்.

செல்போனில் கேமரா வந்திருந்த புதிது. பஸ்ஸுக்கு பாடி கட்டிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி, திடீரென்று ஒருநாள் பெங்களூரில் இருந்து ஒரு பழைய கேரவனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். சினிமா ஷூட்டிங்குக்கும் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கும் வாடகைக்கு விடுவதாகத் திட்டம். உள்ளே கட்டில், குளிர்பதனம், கண்ணாடி மேஜை எல்லாம் உண்டு. ஆனால் வண்டியின் பெருமையே நான்கு ஜன்னல்களிலும் இருந்த மோட்டார் திரைகள்தான். ரிமோட்டை அமுக்கினால் நான்கும் ஒன்றாகச் சர்ரென்று மூடிக்கொள்ளும். சுவிட்ச் என்று தனியாக எதுவும் கிடையாது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நான் அங்கே புக்கிங் கிளார்க். கெலமங்கலத்துக்காரரான பிரஷ் அண்ணன் திரைகளுக்குப் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

வாராவாரம் திங்கட்கிழமை காலை அவருக்குப் பூஜை நேரம் மாதிரி. முதலில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு வாக்குவம் கிளீனரால் திரையை மேலிருந்து கீழாக இழுப்பார். கீழிருந்து மேலே இழுத்தால் துணிக்கு மூச்சு முட்டுமாம். அடுத்தது டூத் பிரஷ். திரை ஓடும் தண்டவாளத்தில் ஓர் அங்குலம் விடாமல் தேய்ப்பார். எங்கள் பக்கமெல்லாம் கிரானைட் பட்டறைகள் என்பதால், கதவைத் திறந்து மூடுவதற்குள் வெள்ளைத் தூசி உள்ளே குடிவந்துவிடும். கடைசியில் ஒரு மெழுகுவத்தியைத் தண்டவாளத்தில் தேய்த்துவிட்டு, ஃபியூஸைப் போட்டு, ரிமோட்டை அமுக்கி, காதை வைத்துக் கேட்பார்.

"மூணாவது ஜன்னல் இன்னிக்குக் கொஞ்சம் டல்லா கீது, சார்" என்பார்.

எனக்கு நான்கும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். ஆனாலும் தலையாட்டுவேன். டீ நேரத்தில் அவர் திரை பற்றிப் பேசத் தொடங்கினால் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பக்கம் கழன்றுகொள்வார்கள். உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்தான்.

மாதத்துக்கொரு முறை திரைகளைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் பாக்கெட் ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துவார். அவர் மனைவி ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர் என்னிடமே முறையிட்டார். "என் தலைக்கு ஒரு பாக்கெட்டு, அந்தத் துணிக்கு நாலு பாக்கெட்டு. நீங்களே கேளுங்க, சார்!"

தண்டவாளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்ட மெக்கானிக்கோடு ஒரு மாதம் அவர் பேசவில்லை. எண்ணெயும் கல் தூசியும் சேர்ந்தால் சிமென்ட்டாம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா திரையைக் கையால் இழுக்கப் போக, "பேட பேட! தொடாதீங்க! உள்ள பல்லு ஒடஞ்சிரும்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். அவர் சொன்னது மோட்டாரின் பல்சக்கரத்தை என்று தெரியாமல், பாவம் அந்த மனிதர், தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

இவ்வளவு பார்த்தும் ஒருமுறை மானம் போயிற்று. முதலாளியின் சம்பந்தி வண்டியைப் பார்க்க வந்த அன்று திரை பாதி வழியில் நின்றுவிட்டது. முந்தின நாள் யாரோ கதவைத் திறந்து போட்டதில் தூசி அடைத்திருந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவ நின்னுச்சி, மோட்டாரப் புடுங்கிப் போட்டுட்டு, கையால இழுக்கற வளையத் திரைய மாட்டிடுவன். அப்பறம் உனக்கு இங்க என்னா வேல?"

அன்றிலிருந்து பிரஷ் அண்ணன் திங்கட்கிழமைப் பூஜையைத் தினப்பூஜை ஆக்கினார்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, காலையிலேயே இரண்டு நாள் லீவு சொல்லிக் கெலமங்கலம் போய்விட்டார் அண்ணன். சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. ஸ்டியரிங், டயர், வெல்டிங் மெஷின், ஆபீஸ் கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் பொட்டு. கேரவனுக்குள்ளும் ஏறி, கண்ணில் பட்டதையெல்லாம் விடாமல் வைத்தேன். பக்தி என்று வந்துவிட்டால் எனக்குக் கை நிற்காது.

மூன்றாம் நாள் பாரூர் ஏரிக்கரையில் ஷூட்டிங். டிரைவர், கிளம்பும் நேரத்தில் ஊரிலிருந்து வந்து அப்படியே வண்டியில் ஏறிக்கொண்ட பிரஷ் அண்ணன், நான் மூவரும் போனோம். நடிகையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முதலாளியும் புது வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சுற்றிலும் கரும்புத் தோட்டம். ஆனால் கரும்பைவிடக் கூட்டம் அதிகம். பாதிப் பேர் கையில் கேமரா செல்போன்.

நடிகை உடை மாற்ற உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் அவருடைய உதவியாளர் அம்மா கதவைத் திறந்து கத்தினார். "திரை மூடல! எல்லாரும் பாக்கறாங்க!"

அண்ணன் முகத்தில் ரத்தமில்லை. உள்ளே பாய்ந்தார், பின்னால் நானும் முதலாளியும். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். ஃபியூஸைக் கழற்றி மாட்டினார். தண்டவாளத்தில் காதை வைத்தார். சத்தமே இல்லை. வெளியே ஒருவன் இன்னொருவன் தோளில் ஏறி ஜன்னலுக்கு நேராக செல்போனை நீட்டினான். நடிகை துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினார்.

"கையால இழுத்து மூடுய்யா!" என்றார் முதலாளி.

"இழுத்தா மோட்டாரு போயிரும்ங்க."

"போனா போவட்டும்! இன்னியோட அதுவும் போவுது, நீயும் போற!"

முதலாளி திரையைப் பிடிக்கக் கை நீட்டினார். பிரஷ் அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார். சம்பளம் தரும் மனிதரை அவர் மறித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"ஒரே நிமிசம்ங்க" என்று கெஞ்சியபடி தலையை நிமிர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஜன்னலுக்கு மேலே மரப்பலகையில், நான்கு திரைகளுக்கும் சேர்த்து, பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு. ரிமோட்டின் வெளிச்சம் அதில் பட்டால்தான் மோட்டார் ஓடும். அந்தக் கண்ணாடியை முழுசாக மூடிக்கொண்டு, காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் மங்களகரமாக வீற்றிருந்தன.

அண்ணன் என்னைப் பார்த்தார். பளபளவென்று வட்டமாக இருக்கிறதே என்று ஆசையாக, பெரிதாகவே வைத்திருந்தேன்.

சட்டைப் பையிலிருந்து டூத் பிரஷ் வந்தது. தண்ணீரில் தோய்த்து நாலு தேய்ப்பு. ரிமோட்டை அமுக்கினார். நான்கு திரைகளும் சர்ரென்று மூடின. வெளியே கூட்டம் "ஓ" என்று ஏமாந்தது.

எல்லாரும் இறங்கியதும் முதலாளி கேட்டார்: "எவன்யா அங்க பொட்டு வெச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க. சாமி கும்புடறப்ப தெரியாம வெச்சிட்டன்" என்றார் பிரஷ் அண்ணன்.

ஆயுத பூஜையன்று அவர் ஓசூரிலேயே இல்லை என்பது முதலாளிக்கு நினைவில்லை. திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், சாமி பொட்டு என்றதும் தடுமாறினார். திட்டினால் பாவம் வந்துவிடுமோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரி சரி, மோட்டாரு இருந்துட்டுப் போவட்டும். நீயும் இருந்து தொல" என்று போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? உங்க வேலை போயிருந்தா?"

"உங்களச் சொன்னா உங்கள அனுப்பிருவாரு. அப்பறம் நான் திர பத்திப் பேசறத யாரு சார் உக்காந்து கேப்பாங்க?"

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் லீவு போடவில்லை. சின்னதாக ஒரு காகிதத்தை வெட்டி அந்தக் கறுப்புக் கண்ணாடி மேல் ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இப்ப வெய்ங்க, சார்." நான் ஓசூரை விட்டு வரும்வரை வருடாவருடம் அப்படித்தான்.

இப்போதும் ஆயுத பூஜையன்று என் வீட்டு டிவியின் ரிமோட் கண் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் பொட்டு வைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். நான் மட்டும், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப வெய்ங்க, சார்" என்று ஒரு குரல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.