பீங்கான் ரீச்சரின் சகன்

சோறு போடுவதற்கு முன் வடக்குப் பக்கம் எது என்று பார்க்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருகோணமலையில், எங்கள் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறார்.

புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் ஓய்வுபெற்றால் கோயில் குளம் என்று போவார்கள். இவர் கராஜுக்குள் மின்சூளை ஒன்றை இறக்கினார். களிமண்ணில், நாங்கள் பீங்கான் என்று சொல்லும் சாப்பாட்டுத் தட்டுச் செய்து, திருகோணமலை வரைபடத்தைத் தீட்டிச் சுடத் தொடங்கினார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் பீங்கான் ரீச்சர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நீலத்தில் துறைமுகம், பச்சையில் மேடு, மேலே திரியாய், கீழே கிண்ணியா. பார்க்க நல்ல வடிவு. சாப்பிட உட்கார்ந்தால்தான் வினை. சோறு மேட்டில், குழம்பு கடலில், அது சட்டம். ஒருமுறை நான் கதையோடு கதையாகத் தேங்காய்ப்பால் சொதியை நடுவில் ஊற்றிவிட்டேன்.

“ஐயோ பிள்ளை, அது என்ர வீடு! கூரைக்கு மேலயே சொதி விடுறீர்?”

இதற்குப் பயந்தே ஆட்கள் அவருடைய பீங்கான்களை வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டினார்கள். அதுதான் அவருக்குத் தீராத கவலை. “சாப்பிடத்தானே செய்தனான்? சுவருக்குப் பசிக்குமே?” என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவார்.

என்னோடு வேலை செய்யும் கிண்ணியா றலீனா தன் மகளின் கலியாணத்துக்கு ஒரு சகன் செய்துதரக் கேட்டபோது ரீச்சருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சகன் என்றால் ஆறுபேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. இதுவும் பிழைத்தால் சூளையை மூடிவிடுவேன் என்று சத்தியம் பண்ணினார்.

கலியாணத்தன்று கிண்ணியாவில் பெண்கள் பக்கத்தில் அந்தச் சகனைச் சுற்றி இருந்தோம். றலீனா, டவுனிலிருந்து வந்த மாப்பிள்ளையின் உம்மா, இரண்டு மாமிமார், நான், ரீச்சர். ரீச்சர் பிறந்ததிலிருந்து சைவம். இறைச்சி தன் பக்கம் நெருங்காதபடி கத்தரிக்காயால் எல்லை கட்டிவிட்டுத்தான் நெய்ச்சோற்றில் கைவைத்தார்.

சோறு குறையக் குறைய ஊர் வெளியே வந்தது. திரியாய் வந்தது. துறைமுகம் வந்தது. மாமிமார் “அட, அட” என்றார்கள். கிண்ணியா வந்ததும் மாப்பிள்ளையின் உம்மா கையை நிறுத்தினார்.

“பாலம் எங்க?”

டவுனையும் கிண்ணியாவையும் கடலுக்கு மேலால் சேர்க்கும் பாலம் சகனில் இல்லை. பாலம் கட்டுவதற்கு முந்திய காலத்தில் கரும்பலகையில் வரைந்து வரைந்து பழகிய கை அது. அன்று காலையில் அதே பாலத்தால் பஸ்ஸில் வந்திறங்கிய ரீச்சருக்கே அது ஞாபகமில்லை.

“எங்கட ஆக்கள்ள மாப்பிள்ளதானே பொண்ணு வீட்டோட போற. எனக்கு ஒரே மகன். பாலமும் இல்லாட்டி நான் எப்பிடி வந்து பாக்குற?” என்றார் அவர். பகிடியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. றலீனாவின் முகம் செத்துப்போயிற்று.

சூளைக்கு அன்றோடு பூட்டு என்றுதான் நினைத்தேன். ரீச்சர் கத்தரிக்காய் எல்லையைத் தாண்டிக் கையை நீட்டி, ஓர் ஆட்டு விலா எலும்பை எடுத்தார். ஆயுளில் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு இறைச்சியை வழித்தார். வளைவு மேலே இருக்கும்படி அதைக் கடலுக்குக் குறுக்கே வைத்தார்.

“இந்தாங்கோ பாலம். நினைச்ச நேரம் வாங்கோ. றலீனா, கேட்டுதோ?”

“ஓம் ரீச்சர். அவங்க வராட்டி நானே போய்க் கூட்டி வருவன்.”

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் உம்மாதான். பிறகு எல்லோரும் சிரித்து, இன்னொரு தரம் சோறு கொண்டுவரச் சொன்னோம்.

ரீச்சருக்கு மட்டும் வெட்கம் போகவில்லை. பாலம் போட்ட புதுச் சகன் ஒன்றைச் சுட்டுக்கொண்டு போனார். றலீனா வாங்கவில்லை. “எலும்பு வைக்க இடமில்லாத சகன் எங்களுக்கு என்னத்துக்கு?” இப்போது கிண்ணியாவில் கலியாணம் என்றால் பாலமில்லாத சகனுக்குத்தான் ஓடர். சூளை ஆறுவதேயில்லை.

என் வீட்டிலும் அவருடைய பீங்கான் ஒன்று இருக்கிறது. தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன். ரீச்சர் பக்கத்தில் இல்லை, பார்க்க ஆளுமில்லை. ஆனாலும் அவர் வீட்டுக் கூரைமேல் சொதி ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை.