தண்ணீர் குடித்த எலிகளின் தைரியம்

"...வெறும் தண்ணி குடிச்ச எலிக்கே இவ்ளோ தைரியம்னா, ரெண்டு மாசமா நான் எதுக்குண்ணா அமுக்கராவைக் காய்ச்சினேன்?"

கேட்டவர் நஸ்ரின் மேடம். மேடவாக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் தாம்பரம் பக்கம் இருந்த எங்கள் பார்மசி கல்லூரிக்கு வந்து, அமுக்கராக் கிழங்குச் சாறு பயத்தைப் போக்குமா என்று எலிகளிடம் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நான் அந்த எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர். (படிப்பு பத்தாவது. பேச்சில் மட்டும் எம்.ஏ.)

ஒரு கூண்டுக்குச் சாறு, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். கடைசி நாள், இடுப்பு உயரத்தில் நிற்கும் கூட்டல் குறி மாதிரியான பலகையில் ஒவ்வொரு எலியாக விட வேண்டும். அதில் இரண்டு பாதைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் மொட்டை. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும், பயம் விட்ட எலி மொட்டைப் பக்கம் உலாவும். தண்ணீர்க் கூட்டம் பதுங்கி, சாறு குடித்த கூட்டம் உலாவினால்தான் மேடத்தின் ஆராய்ச்சிப் படிப்பு முடியும்.

"எல்லா எலியையும் ஒரே மாதிரி நடத்துங்கண்ணா" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சத்தியமாக அதைத்தான் செய்தேன்! எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பவன் நான். ஒரு வரிசைக்குப் பாயசம் வந்து எதிர் வரிசைக்கு வராவிட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. இங்கே ஒரு கூண்டுக்கு மருந்து, பக்கத்துக் கூண்டுக்குப் பச்சைத் தண்ணீர் என்றால்?

சரிக்கட்டினேன். தண்ணீர் எலிகளைத் தினமும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏற்றிக்கொள்வேன். "இன்னா கண்ணு, அவங்களுக்கு மட்டும் குடுக்குறாங்கன்னு பேஜாரா கீதா? வுடு, நான் கீறேன்ல!" பிறகு தெருவில் தண்ணி லாரிக்கு நடந்த சண்டை, என் மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. முடிவில் சட்டைப் பையிலிருந்து ஆளுக்கொரு பொட்டுக்கடலை.

சோதனை நாளன்று, மேடத்தின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் தண்ணீர் எலி நேராக மொட்டைப் பாதையின் நுனிக்குப் போய், நிதானமாக முகம் கழுவியது. இரண்டாவது, கோவளத்தில் காற்று வாங்க வந்ததுபோல் நடந்தது. அப்போதுதான் மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது எலி நுனிக்கு ஓடி வந்து, என்னைப் பார்த்து, கைமேல் தாவி, சட்டைப் பைக்குள் தலைகீழாக இறங்கியது. வால் மட்டும் வெளியே.

"செல்வம்," என்றார் கைடு சார் அமைதியாக, "இது உங்களுக்கு என்ன உறவு?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தீர்ப்பு: புது எலிகள், மறுபடி முதலிலிருந்து, அந்த அறையில் நான் மூச்சு விடலாம், பேசக் கூடாது. மிச்சப்பட்ட பேச்சையெல்லாம் வீட்டில் கொட்டினேன். "போதும், நான் ஒண்ணும் உன் தண்ணி எலி இல்ல" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

இரண்டாம் முறை எலிகள் ஒழுங்காக நடந்துகொண்டன. சாறு குடித்தவை உலாவின, மற்றவை பதுங்கின. (அவற்றைப் பார்க்க எனக்குத்தான் மனசு ஆறவில்லை.)

மேடம் பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டிய நாளும் வந்தது. காலையிலேயே எலி அறைக்குள் நுழைந்தார். கையிலிருந்த காகிதங்களைத் தலைகீழாகப் பிடித்தபடி, முதல் வரியையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். அலமாரியில் அமுக்கராச் சாறு பாட்டில் பாட்டிலாக நின்றது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொட்டுக்கடலைக்கு உள்ளங்கையை நீட்டினார்.