நகத்தளவு பச்சை

மனித குலம் இதுவரை ஒரே ஒரு போர் விமானத்துக்குத்தான் சரியான பச்சை அடித்திருக்கிறது. அதுவும் அறுபது வருடத்துக்கு முன்னால் விழுந்து நொறுங்கிவிட்டது.

இதைச் சொன்னவர் அசலார். சொன்ன இடம், பழைய போர் விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்கவிடும் கண்காட்சி மைதானம். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எதிரே நின்ற விமானத்தின் சொந்தக்காரர் முகத்திலும் இல்லை.

"அப்ப என் விமானம்?"

"பயந்தவன் முகத்துப் பச்சை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அசலார் நகர்ந்தார்.

வார நாட்களில் அவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் உட்கார்ந்திருப்பார். அங்கே அவரிடம் யாரும் மணிகூடக் கேட்பதில்லை. மைதானத்திலோ அவர் தலையசைக்காமல் ஒரு விமானமும் பறக்க முடியாது. எல்லாம் சட்டைப்பையிலிருந்த மாத்திரை டப்பாவின் மகிமை. டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சின் மேல் நகத்தளவு ஒரு பெயின்ட் சில்லு. நொறுங்கிய அந்த விமானத்தின் வால் பழைய இரும்புக் கடையில் கிடந்தபோது அவரே தன் கையால் சுரண்டி எடுத்தது.

அந்தச் சில்லை இடுக்கியால் எடுத்து இறக்கைமேல் வைப்பார். இருக்கும் இடம் தெரியாமல் கலந்துவிட்டால் 'அசல்'. தனியாகத் தெரிந்தால் பட்டாணிப் பச்சை, பாசிப் பச்சை என்று ஏதாவது ஒரு பட்டம். ஆறு வருடத்துக்கு முன்பு, முந்தின வருடம் தாமே 'அசல்' என்று சொன்ன விமானத்தைத் தாமே தப்பு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சில்லு மாறாது. விமானம்தான் மாறியிருக்கு" என்றார். பாவம், அந்தச் சொந்தக்காரர் மறுபடி பெயின்ட் அடித்தார். அவரைப் பார்த்து எல்லாரும் அடித்தார்கள்.

"கண்ணளவுல கலக்குறவன், போட்டோவைப் பார்த்துக் கலக்குறவன், கெடச்ச தகரத்தைச் சுரண்டி அசல்னு சொல்றவன், இந்த மூணு பேரையும் கேட்டுலயே நிறுத்தணும்" என்பது அவர் அடிக்கடி விடும் வசனம்.

அன்றைக்கு அடுத்ததாக, மூன்றாவது கொட்டகை வாசலில் நின்றது சொந்த மச்சினனின் விமானம். மச்சினன் பஸ் மெக்கானிக். மூன்று வருடமாக அந்த விமானத்துக்கு அடியிலேயே குடியிருக்கிறான். அசலார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான்கு தடவை பெயின்ட் அடித்திருக்கிறான். 'விமானம் முடியட்டும்' என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டான். பேசிவைத்த பெண்ணுக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது. அப்பா வேறு ஆள்.

"மாமா, பதினாலு சாம்பிள் வீட்டுக்கே எடுத்துட்டு வந்து, உங்க சில்லு பக்கத்துல வச்சுப் பார்த்துதான் அடிச்சேன். இதுவும் தப்புன்னா நான் பஸ்ஸுக்கே போயிடுறேன்."

"நான் என்னடா சொல்றது மாப்ளே? சில்லு சொல்லும்."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அசலாரின் மனைவி விமானத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னமோங்க, உங்க அசல் விமானத்தையெல்லாம் பார்த்தாலே எனக்கு வீட்டு ஞாபகம்தான் வருது."

"அசல்னா அப்படித்தான். மனசுக்கு நெருக்கமா இருக்கும்" என்று அசலார் டப்பாவைத் திறந்தார்.

அதே நொடியில், பயந்தவன் முகத்துப் பச்சைக்காரர் தன் ஆத்திரத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் தன் விமானத்தின் எஞ்சினைக் காட்டுக்கத்தலாகக் கிளப்பினார். காற்று ஒரு வீசு வீசியது. சில்லு போயிற்று. பஞ்சு போயிற்று. கொஞ்சம் தாமதித்து அசலாரின் தொப்பியும் போயிற்று.

தொப்பி மட்டும் திரும்பக் கிடைத்தது.

அசலார் டப்பாவைப் பட்டென்று மூடிவிட்டுத் தரையில் நாலு காலில் தவழ ஆரம்பித்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"டயர்ல காத்து இருக்கான்னு பார்க்கிறேன்."

"டயர் அந்தப் பக்கம் மாமா."

கால் மணி நேரத்தில் கிடைத்தவை: ஒரு சட்டைப் பொத்தான், பாதி மிட்டாய்க் காகிதம், யாருடைய காதிலிருந்தோ விழுந்த திருகாணி. சில்லு இல்லாத அசலாரை நினைத்துப் பார்த்தார். மீட்டர் பிரிவுதான் தெரிந்தது.

கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். சில்லை எப்போதோ மூன்று தடவை படம் எடுத்து வைத்திருந்தார். மூன்று படத்தில் மூன்று பச்சை இருந்தது. ஒன்று நீலம் என்றே சொல்லலாம். திரை வெளிச்சத்தைக் கூட்டினால் பட்டாணி, குறைத்தால் பாசி.

"சே, போட்டோவா பார்க்கிறோம்!" என்று தன்னையே கடிந்துகொண்டு, வெளிச்சத்தை இன்னும் இரண்டு தடவை கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் கமிட்டித் தலைவர்.

"சார், மச்சினன் விமானம் பார்த்தாச்சா?"

"வெயில் ரொம்ப ஜாஸ்தி. அசல் பச்சை மேகத்துலதான் வாயைத் திறக்கும். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

தலைவருக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் என்றால் உயிர். நேராக மைக்கைப் பிடித்தார். "அன்பர்களே! மேக மூட்டத்தில் மட்டுமே நடக்கும் அபூர்வ அசல் சோதனை! மேகம் வந்ததும் எல்லாரும் மூணாவது கொட்டகைக்கு வாங்க!"

ஒரு மாதமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மேகம், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்துவிட்டது. இருநூறு பேரும் கூடவே வந்தார்கள்.

அதற்குள் அசலார் மச்சினன் விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கையில் வீட்டுச் சாவி. நகத்தளவு போதும் என்றுதான் சுரண்டினார். ஆனால் நான்கு பூச்சும் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. நான்கு தடவை அடிக்கவைத்த புண்ணியவான் தாமே என்பதால் திட்டுவதற்கும் ஆள் இல்லை.

மேலே வெள்ளித் தகரம் பளபளத்தது. 'அடிவயிறுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்' என்று ஒரு நிமிடம் ஆறுதல்பட்டார். விமானம் தலைக்கு மேலே பறக்கும்போது அடிவயிற்றை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பது இரண்டாவது நிமிடம் உறைத்தது.

கொட்டகை மூலையில் மஞ்சள் பெயின்ட் டப்பா ஒன்று, நீல டப்பா ஒன்று, கொஞ்சம் கறுப்பு. அசலார் மூடியில் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார். சுத்தமான கண்ணளவு. விரலாலேயே பூசிவிட்டு, கூட்டம் நெருங்கும் சத்தம் கேட்டு எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க" என்றார், மூச்சு வாங்க.

உரித்த பெயின்ட்டில் நகத்தளவு கிள்ளி இறக்கைமேல் வைத்தார். எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த விமானத்தின் பச்சை அந்த விமானத்தின் பச்சையோடு பொருந்தாமல் எங்கே போகும்?

"சார், சில்லு எங்க?" என்றார் தலைவர், மூக்கு இறக்கையில் இடிக்கக் குனிந்து.

"தெரியுதா?"

"தெரியலையே!"

"அதுதான் அசல்."

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. மச்சினன் அழுதேவிட்டான். "சொந்தக்காரன்னு ஒரு நூல்கூட விட்டுக்குடுக்கலையே மாமா! உங்க நேர்மை யாருக்கு வரும்!"

அந்த நேர்மையாளர் சில்லை எடுக்கப் பார்த்தார். விரலில் இருந்த ஈரப் பெயின்ட்டின் தயவில் அது இறக்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டியது எந்த இடத்தில் என்பதும் தெரியவில்லை. டப்பா மறுபடி காலி. விமானம் கிளம்பி, கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு, ஊருக்கே தெரிகிற மாதிரி.

"அன்பர்களே, அன்னிக்குக் குண்டு பட்ட தழும்பைக்கூட விடாம வச்சிருக்காங்க பாருங்க!" என்று தலைவர் மைக்கில் உருகினார்.

வீட்டுக்கு வந்ததும் அசலார் செருப்பைக் கழற்றாமல் யோசித்தார். அடுத்த ஞாயிறு இன்னொரு கண்காட்சி. மூன்று விமானங்கள் காத்திருக்கின்றன. காலி டப்பாவோடு போனால் அவரை வாசலில் டிக்கெட் கேட்பார்கள்.

வீட்டில் பச்சையாக என்னென்ன இருக்கிறது என்று பார்த்தார். வாளி சரிவரவில்லை. சோப்பு டப்பாவைத் தொடவே கூச்சமாக இருந்தது. படுக்கையறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூலையில் பழைய இரும்பு பீரோ. இத்தனை வருடம் துண்டு போட மட்டுமே பயன்படுத்திய பீரோ. அச்சு அசலாக அந்தப் பச்சை! பீரோவைச் செய்தவனுக்கு என்ன ஞானம், என்ன நுணுக்கம் என்று வியந்துகொண்டே அதைச் சத்தமில்லாமல் ஒரு சாண் நகர்த்தினார். பின்பக்கம் மண்டியிட்டு, சாவியை எடுத்து, தகரத்தின் நடுவில் வைத்தார்.

அவர் மனைவி மடித்த துணிகளோடு வாசலில் நின்றாள்.

"நடுவுல சுரண்டாதீங்க, அசிங்கமாத் தெரியும். ஆறு வருஷம் முன்னாடி பஞ்சு மாத்துறப்ப உங்க சில்லு குப்பையோட போயிடுச்சுன்னு, கீழே கால் பக்கமா நான் கொஞ்சம் சுரண்டி வச்சேன் பாருங்க, அங்கயே எடுங்க."