லாங்டெர்ம் அண்ணாவின் மலிவான கம்ப்யூட்டர்

மிச்சம் பிடித்துப் பிடித்தே போண்டியான மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கிறார். கஞ்சத்தனத்தால் செழித்த வீட்டைப் பார்த்திருக்கிறேன், ஊதாரித்தனத்தால் அழிந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். சிக்கனத்தால் ஒரு வீடு காலியாவதை அங்கேதான் பார்த்தேன்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். தெருவுக்கு அவர் லாங்டெர்ம் அண்ணா. எதை எடுத்தாலும் "லாங்டெர்ம்ல பாத்தா..." என்றுதான் ஆரம்பிப்பார். வேலை ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில். வருகிறவர்கள் எல்லாரிடமும் என்றைக்கோ வரப்போகும் பணத்தைப் பற்றியே பேசிப் பேசி, இன்றைக்கு என்று ஒரு நாள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவர் குடியிருந்த வாடகை வீட்டின் மாடி போர்ஷனில் நான் குடிபோனேன். என் கஷ்டகாலம்.

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்திருந்தேன். அந்த ஊரில் எனக்கு ஒரு ஈ காக்கைகூடத் தெரியாது. சிநேகிதர்கள் எல்லாரும் கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போய்விட்டார்கள். துக்கத்தில் ஒரு கேம் கன்சோல் வாங்கினேன். கூடவே ஓர் ஆட்டமும் வாங்கினேன். அதன் அட்டையில் இரண்டு பேர் படம் போட்டிருந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டும். பாழடைந்த தீவு ஒன்றில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சேர்ந்து தப்பிக்க வேண்டும். முதல் கட்டத்திலேயே ஓர் இரும்புக் கதவு. மேலே தூக்கினால்தான் திறக்கும். ஒருவன் பட்டனை அமுக்கித் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவன் அடியில் புகுந்து போக வேண்டும். தனி ஆளுக்கு வழியே இல்லை. காசு கொடுத்து, என் தனிமையை டி.வி.யில் பெரிதாகப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டேன்.

அப்போதுதான் கீழ்வீட்டு அண்ணாவுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்று தெரிந்தது. துள்ளிக் குதித்துக் கீழே இறங்கினேன். இறங்கின வேகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

"கன்சோலா?" என்றார், நான் ஏதோ கெட்ட சகவாசம் வைத்திருப்பதைக் கேள்விப்பட்ட மாதிரி. "வாங்கறச்சே சீப்பு, தம்பி. அப்பறம் ஒவ்வொரு கேமுக்கும் கொள்ளைக் காசு குடுக்கணும். ஆன்லைன்ல ஆடணும்னா வருஷா வருஷம் சந்தா. சந்தாங்கறது வாடகை. வாடகை குடுத்து எவன் உருப்பட்டான்? கம்ப்யூட்டர்னா ஒரு தடவை வாங்கிட்டா கழிஞ்சுது. லாங்டெர்ம்ல பாத்தா அதான் லாபம், கேட்டியா?"

சொன்னவர் வாடகை வீட்டில்தான் இருந்தார். கேட்ட நானும் வாடகை வீட்டில்தான் இருந்தேன்.

"சரி அண்ணா, உங்க கம்ப்யூட்டர்லயே ஆடலாம். ரெண்டு பேர் ஆடற கேம் இதுலயும் இருக்குமே."

"தாராளமா. இந்த ஞாயித்துக்கிழமை வா."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கம்ப்யூட்டர் தரையில் பாய் விரித்துப் பாகம் பாகமாகப் படுத்திருந்தது. அண்ணா பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். "கிராபிக்ஸ் கார்டு கொஞ்சம் பழசு. மாத்திட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லே. அடுத்த ஞாயிறு."

இப்படித்தான் ஆரம்பித்தது. புதுக் கார்டு வந்தது. அது பழைய பெட்டிக்குள் நுழையவில்லை. புதுப் பெட்டி வந்தது. கார்டு குடிக்கும் கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை போதவில்லை. புது பவர் சப்ளை போட்டதும் வீட்டு வயரிங் புகைந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கொத்தினார். கொத்திய சுவரைப் பூச மேஸ்திரி வந்தார். ஒரு விளையாட்டுக்காக வீட்டில் சிமென்ட் கலந்ததை நான் அங்கே தவிர வேறெங்கும் கண்டதில்லை. எல்லாம் முடிவதற்குள் கார்டு பழசாகிவிட்டது.

ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தள்ளுபடி போடும்போதெல்லாம் வாங்கிக் குவித்திருந்தார். கம்ப்யூட்டரில் ஆட்டங்கள் எவ்வளவு மலிவு என்பதற்கு அதுதான் அவருடைய அத்தாட்சி. ஒன்றையாவது திறந்து பார்த்தாரா என்று கேட்டேன். "முதல்ல மெஷின் ரெடி ஆகட்டும்" என்றார். மெஷின் எப்போதாவது முழுசாக இருந்தால், அது தாங்குகிறதா என்று சோதிக்கும் சாஃப்ட்வேரை மட்டும் ஓட்டுவார். திரையில் ஒரு பந்து சுற்றிக்கொண்டிருக்கும். அண்ணா கைகட்டிக்கொண்டு அதைப் பார்ப்பார். நான் அண்ணாவைப் பார்ப்பேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின.

அந்தக் கம்ப்யூட்டரால் பலனடைந்த ஒரே ஜீவன் அவர் மனைவி ராதா மன்னி. எடவப்பாதி மழையில் அந்த ஊரில் துணி காயாது. சோதனை ஓடும்போது பெட்டியின் பின்பக்கம் அனல் காற்று அடிக்கும். மன்னி அதற்கு நேரே கொடி கட்டிவிட்டாள்.

"ஏன்னா, அந்தப் பந்தைச் சுத்த விடுங்கோ. உங்க பனியன் ரெண்டு நாளா ஈரம்."

அந்த வருடம் தெருவிலேயே அதிகச் செலவில் காய்ந்த பனியன் அண்ணாவுடையதுதான்.

மனம் பொறுக்காமல் ஒரு நாள் என் கன்சோலைக் கீழே தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் டி.வி.யில் மாட்டி, இரண்டாவது ரிமோட்டை அண்ணாவிடம் நீட்டினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அதை நான் தொட்டா, இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும், தம்பி." மன்னிதான் பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டாள். பட்டனை அமுக்கி, கதவைத் தூக்கிப் பிடித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தக் கதவு திறந்தது. என் ஆள் கதவுக்கு அடியில் பாதி தூரம் போயிருப்பான். "ஐயையோ, மொளகூட்டல்!" என்று மன்னி ரிமோட்டைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். கதவு நச்சென்று இறங்கியது. என் ஆள் நசுங்கிச் செத்தான். கூட்டும் தீய்ந்துதான் போயிருந்தது.

கன்சோல்காரன் மட்டும் யோக்கியமாகப் பணத்தை மிச்சம் பிடித்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். என் ரிமோட்டுக்கு ஒரு வியாதி வந்தது. நான் தொடாமலேயே என் ஆள் இடது பக்கமாக நடந்துபோய்க் கடலில் விழுவான். ரிப்பேர் கிடையாதாம், புதுசுதான் வாங்க வேண்டுமாம். அதைக் கேட்டு அண்ணா சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இதற்கெல்லாம் நடுவில் இடி வேறு. ஐப்பசியில் துலாவர்ஷ மழை ஆரம்பித்தால் திருவனந்தபுரத்தில் மத்தியானத்துக்கு மேல் வானம் இடிந்து விழும். இடி கேட்டால் ப்ளக்கைப் பிடுங்குவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அண்ணா ஒரு படி மேலே. பொன்முடி மலைப்பக்கம் வானம் உறுமினாலே அவருக்குக் கேட்டுவிடும். ஆபீசிலிருந்து போன் வரும்: "ராதா, ப்ளக்!" கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் போன். இடி விழுந்தால் வீடு என்ன ஆகும் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு புரட்டாசியில் எல்லாம் கூடி வந்தது. இனி மாற்ற ஒன்றுமில்லை என்று அண்ணாவே வாய்விட்டுச் சொன்னார். கடைசிக் கார்டு பார்சலில் வந்து இறங்கியது. "விஜயதசமி அன்னிக்கு மாட்டறோம். உன் கேமையும் தள்ளுபடியில வாங்கி வச்சாச்சு. அன்னிக்கே உன் கதவைத் திறக்கறோம்."

விஜயதசமி வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த ஊரில் நவராத்திரி முடிவில் பூஜை வைப்பார்கள். புத்தகம், வீணை, தொழில் செய்யும் கருவி எல்லாவற்றையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. அண்ணா கார்டை வைத்தார். மன்னி சொன்னாளென்று என் கன்சோலையும் வைத்தேன். மன்னி குளித்துவிட்டு வந்து, கெட்டியாகச் சந்தனம் அரைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டாள்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அண்ணா கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவசர அவசரமாக ஸ்லாட்டில் செருகி, சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். சாம்பிராணிப் புகையோடு இன்னொரு புகையும் சேர்ந்துகொண்டது. அதில் சந்தன வாசனை அடித்தது.

"எங்கேடி இட்டே சந்தனத்தை?"

"அடியில வரிசையா தங்கமா மினுங்கித்தே, அங்கேதான். தங்கம் இருக்கற இடமாச்சேன்னு நன்னா பூசி விட்டேன்."

ஸ்லாட்டுக்குள் போகும் இடம் அதுதான். கரண்டு ஓடும் இடமும் அதுதான். கெட்டிச் சந்தனம் அந்த ஊர் ஈரத்தில் காயவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் இருந்தவர் கார்டை மோந்து பார்த்தார். "சாரே, இது சந்தனம் அல்லே? லிக்விட் டேமேஜ். வாரன்டி கிட்டில்ல." என் கன்சோலுக்கும் அதே கை, அதே சந்தனம். மேல் மூடியில் பொட்டோடு அது பாட்டுக்கு ஓடியது.

அன்று சாயங்காலம் அண்ணா மாடிப்படியில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போகட்டும் அண்ணா. மேல வாங்க. கன்சோல்ல ஒரே ஒரு தடவை ஆடலாம். நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்."

"பேடியா இருக்கு, தம்பி."

"எதுக்கு பயம்?"

"இத்தனை வருஷம், இத்தனை செலவு. ஆடிப் பாத்து, 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு ஆயிடுத்துன்னா? அப்பறம் நான் என்னத்தைப் பண்ணுவேன், சொல்லு?"

அவர் பிள்ளையில்லாதவர், வேறு பழக்கமும் இல்லாதவர். அந்த மெஷின் தயாராகாத வரைக்கும் அவருக்கு ஒரு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபமெல்லாம் அந்தப் படியிலேயே இறங்கிப் போய்விட்டது.

சீக்கிரமே எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. கதவு திறக்காமலேயே கிளம்பினேன். தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்து ஜன்னலோரம் நின்ற அண்ணா, ரயில் நகரும்போதுகூட "அடுத்த கார்டு வரட்டும், நீ இருந்த இடத்துலேர்ந்தே ஆடலாம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஒருவரும் கன்சோலில் ஒருவருமாக இணையத்தில் சேர்ந்து ஆடலாம். ஆனால் கன்சோல்காரன் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். நான் கட்டவில்லை. வராத மனிதருக்காக எதற்குக் கட்டுவது?

ஒரு நாள் என் போனுக்குச் சந்தாவுக்கான கோட் நம்பர் வந்து விழுந்தது. ஒரு வருடத்துக்கு அண்ணா கட்டியிருந்தார். அடியில் எழுதியிருந்தார்: "லாங்டெர்ம்ல பாத்தா இது சுத்த நஷ்டம். சாரமில்லே." பரவாயில்லை என்பதற்கு அந்த ஊர் வார்த்தை அது.

அதைப் படித்துவிட்டு ஆபீசில் பாத்ரூமுக்கு எழுந்து போனேன். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கன்சோலைப் போட்டுப் பார்ப்பேன். நண்பர் பட்டியலில் அவர் பெயர் சாம்பல் நிறத்தில் தூங்கும். சந்தா வருடம் முடியப்போகும் ஐப்பசி ஞாயிறு ஒன்றில், மத்தியானம், அந்தப் பெயர் பச்சையாக எரிந்தது. காதில் அவர் குரல்.

"தம்பி, கேக்கறதா? நான் எதை அமுக்கணும்? எங்கே இருக்கேன் நான்?"

"செவுத்தைப் பாத்து நிக்கறீங்க அண்ணா. திரும்புங்க."

அவருக்கு ஆடவே வரவில்லை. திரும்பச் சொன்னால் குதித்தார், நடக்கச் சொன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் மன்னி, "அந்தக் குண்டு ஆளா நீங்க? அசல் உங்களாட்டமே இருக்கான்" என்றாள். என் புது ரிமோட்டும் வியாதியில் விழுந்து இடது பக்கம் இழுத்தது. எப்படியோ கதவுக்கு வந்து சேர்ந்தோம். பட்டனை அமுக்கிக் கதவைத் தூக்கிப் பிடித்தேன்.

"வாங்க அண்ணா. நேரா வாங்க."

"வரேன், வரேன். நன்னா இருக்குடா இது!"

கதவுக்கு அடியில் பாதி தூரம் வந்திருப்பார். என் காதுக்குள் இடி விழுந்தது. சென்னையில் சுட்டெரிக்கிற வெயில். அது ஸ்ரீவராகத்து இடி.

"ஏன்னா, ப்ளக்!"

"தம்பி, பிடிச்சுக்கோ, விட்டுடாதே! இதோ வரேன்!"

அவ்வளவுதான். குரல் அறுந்தது. திரையில் அவருடைய குண்டு ஆள் மட்டும் கதவுக்கு நேர் கீழே, ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். 'துணை ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கவா?' என்று ஆட்டம் கேட்டது. ஆம் என்றேன்.

துலாவர்ஷ இடி ஓயச் சாயங்காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். விரல் வலித்தது. இதோ வரேன் என்று சொல்லியிருக்கிறார், பட்டனை நான் விடவில்லை.